டங் என்று ஒலிக்கும் தேக்கு

காலை ஒன்பதரை மணி. பொங்கோல் எல்ஆர்டியில் கடலூர் நிலையத்தில் இறங்குகிறேன். ஆமாம், கடலூரேதான். சிங்கப்பூரில் ரயில் பிடித்துக் கடலூருக்குப் போகலாம் என்று ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் சொல்லி, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பது என் நிரந்தர சந்தோஷங்களில் ஒன்று. ஆனால் இன்றைய சந்தோஷம் அதைவிடப் பெரியது. தோழியின் வீட்டில் இருக்கும் ஓர் இரும்புக் கதவு இன்று தேக்கு மரமாகப் போகிறது. ஆகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: "வாயை வேணும்னா திற, கையை மட்டும் நீட்டாதே."

வாருங்கள், நீங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். பார்த்துக் கால் வையுங்கள், அங்கே பொங்கல் பானை இருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கதவு தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் பல வருடமாக ஒளிந்திருந்த குடும்ப வரலாறு மொத்தமும் கூடத்தில் குவிந்து கிடக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1997-இல் சட்டம் வந்த பிறகு எழுந்த புது வீடுகளில், தடித்த கான்கிரீட் சுவரும் கனத்த இரும்புக் கதவுமாக ஓர் அறை உண்டு. எல்லார் வாயிலும் அதற்குப் பெயர் 'பாம் ஷெல்டர்'. குண்டு விழுந்தால் குடும்பம் ஒளிந்துகொள்ள வேண்டிய இடம். விழாதவரை சாமான்கள் ஒளிந்துகொள்ளும். இதோ அவை வெளியே வந்திருக்கின்றன: பொன்னி அரிசி மூட்டை, சக்கரம் ஒடிந்த இரண்டு பெட்டிகள், தீபாவளி சீரியல் விளக்குச் சிக்கல், மாமியார் ஊரிலிருந்து தூக்கிவந்த இட்லிக் கொப்பரை, தைப்பூசப் பால்குடம், யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், கோவிட் காலத்தில் வாங்கிக் குவித்த கழிப்பறைத் தாளின் கடைசி இரண்டு கட்டுகள்.

"போட்டோ எடுத்தே, கொன்னுடுவேன்" என்கிறாள் தோழி.

அந்த அறையின் கதவு சரியாக சோபாவுக்கு எதிரே. சாம்பல் நிறம், பெரிய கைப்பிடி. கப்பலில் எஞ்சின் அறைக்குள் போகிற கதவுபோல முறைத்துக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றி எறிய முடியாது, விதி விடாது. அதனால் மக்கள் விதவிதமாக மறைப்பார்கள். திரை போடுவார்கள், காலண்டர் மாட்டுவார்கள், மர டிசைன் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தோழி இதுவரை காந்தப் பொம்மைகளால் மறைத்துவந்தாள். பத்துமலை முருகன், மெர்லயன், தஞ்சாவூர்ப் பெரிய கோயில், லங்காவி கழுகு என்று போன இடமெல்லாம் கதவில் இருந்தன. இன்று அத்தனை பேரும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சிறை.

இனி நாயகர். சாயக்கறை படிந்த டீ-சட்டை, தலையில் துண்டு, காதோரம் நரை. ஊர் காரைக்குடிப் பக்கம். நாள் முழுக்க வெள்ளைச் சுவருக்கு வெள்ளை அடிப்பதுதான் அவர் வேலை. மரம் தீட்டுவது கேட்டவர்களுக்கு மட்டும், ஆசைக்கு. கூடவே ஒரு தம்பி, மன்னார்குடிக்காரர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. "அண்ணே" என்று அவர் கூப்பிடும் சுருதியை வைத்தே டேப் வேண்டுமா, துணி வேண்டுமா, திட்டு வேண்டுமா என்று கண்டுபிடித்துவிடலாம்.

நேற்றே பாதி வேலை முடிந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கை மஞ்சள். எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்ததும் பகீரென்றது. கட்டித் தயிரில் மாம்பழச் சாறு விட்டதுபோல் ஒரு நிறம். "இதுவா தேக்கு?" என்று வாயைத் திறந்துவிட்டேன் (அனுமதி இருக்கிறதே). அவர் சிரித்தார். "மேடம், தேக்கைச் சீவிப் பார்த்திருக்கீங்களா? உள்ளே இப்படித்தான் இருக்கும். நாம பாக்குறது அதுக்கு மேல இருக்குற பழுப்பை."

அதாவது அடியில் மரத்தின் வெளிச்சம், மேலே மரத்தின் நிழல். மேல்பூச்சு மெல்லிசாக, கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிற பழுப்பு. அதைப் பூசி, காய்வதற்குள் சில இடங்களில் விலக்கினால் அடி மஞ்சள் ரேகையாக எட்டிப்பார்க்கும். இவ்வளவுதான் ரகசியம். மற்றதெல்லாம் கை. அந்தப் பழுப்பின் பக்குவத்தை எப்படி முடிவு செய்தார் என்று நினைக்கிறீர்கள்? தம்பி வாங்கிவந்த கோப்பி-ஓ பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சிவப்பு." ஒரு சொட்டு. "ம்." கோப்பியை உறிஞ்சினார். ஐரோப்பாவில் பழைய கைக்காரர்கள் புளித்த பீரில் சாயப்பொடியைக் குழைத்து மர ரேகை போடுவார்கள் என்று நான் எடுத்துவிட்டேன். தம்பியின் கண் பிரகாசமானது. "அண்ணே, நம்மளும்..." "மூடு."

இப்போது கருவிகளைப் பார்க்க வேண்டுமே! நான் ஏதோ சித்திரக்காரரின் பெட்டியை எதிர்பார்த்தேன். அவர் திறந்தது ஒரு பழைய முறுக்கு டின். உள்ளே ஐஸ்கிரீம் டப்பா மூடியில் பல் பல்லாக வெட்டிய சீப்புகள் மூன்று, பழைய வேட்டித் துணி, நீளமான மயிர் கொண்ட அகலப் பிரஷ் ஒன்று, யாரும் தூக்கிப் போட்டிருக்கக்கூடிய தேய்ந்த பிரஷ்கள் நான்கு, பாட்டில் கார்க் ஒன்று. கடையில் வாங்கியது என்று சொல்ல ஒன்றே ஒன்று: பாதி உருளையாக வளைந்த ரப்பர் கட்டை, அதன்மேல் குளத்தில் கல் போட்டதுபோல் வளையம் வளையமாக வரம்புகள். ஜாலான் புசார் பக்கம் ஒரு வன்பொருள் கடையில் வாங்கினாராம். அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'உருட்டு'. "ஊரை உருட்டுறதுக்கு வச்சிருக்கோம்" என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"ஃபேனை நிறுத்து."

இந்த இரண்டு வார்த்தையில் வீட்டின் தட்பவெப்பம் மாறியது. காற்று அடித்தால் மேல்பூச்சு சட்டென்று காய்ந்துவிடும், ரேகை இழுக்க நேரம் இருக்காது. தூசி வேறு வந்து ஒட்டும். ஃபேன் கிடையாது, ஏர்கான் கிடையாது, சன்னல் பாதி சாத்தியிருக்கிறது. நடுப்பகல் பொங்கோல். ஐந்தாவது நிமிடம் என் முதுகில் ஆறு ஓடியது. அவருக்கோ மூக்கு நுனியில் ஒரு சொட்டு எப்போதும் விழத் தயாராக நின்றது. விழும் முன்பு தோளில் துடைத்துக்கொள்வார். தம்பியின் முக்கியப் பணிகளில் ஒன்று அண்ணன் நெற்றியை ஒற்றுவது. அறுவைசிகிச்சை அறைபோல இருந்தது.

முதல் ஆச்சரியம் டேப். கதவு முழுக்க ஒரே பலகையாகத் தீட்டுவார் என்று நினைத்திருந்தேன். இல்லை. பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தட்டை இரும்பில் இல்லாத ஒரு கதவை வரைகிறார். இரண்டு பக்கமும் நெட்டுச் சட்டம், மேலே நடுவே கீழே குறுக்குச் சட்டம், இடையில் இரண்டு பலகை. கைப்பிடியைச் சுற்றி டேப், ரப்பர் விளிம்பு முழுக்க டேப், கதவில் ஒட்டியிருக்கும் அதிகாரபூர்வ அறிவிப்பைச் சுற்றி மிகுந்த மரியாதையுடன் டேப். "ஆசாரி எப்படிச் சேர்ப்பாரோ அப்படித்தான் தீட்டணும். குறுக்குச் சட்டத்துல ரேகை குறுக்கா ஓடணும். நெட்டுச் சட்டத்துல நெட்டா. ரெண்டும் முட்டுற இடம் கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கணும். கண்ணு ஏமாறுறது அந்த இடத்துலதான்."

பழுப்பு ஏறியது. அகலப் பிரஷை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இழுத்தார். உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கீழே வந்ததும் "ஹ்ஹா" என்று ஒரு சத்தம். மூன்றாவது இழுப்பில் நானும் மூச்சைப் பிடித்திருந்ததைத் தோழி பார்த்துச் சிரித்துவிட்டாள். பிறகு சீப்பு. பிறகு வேட்டித் துணியைச் சுற்றிய கட்டைவிரல். பிறகு உருட்டு.

உருட்டு வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்! கட்டையைக் கீழே இழுத்தபடியே மணிக்கட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கிறார். இழுத்த வழியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூம்புகள் எழும்புகின்றன. தேக்குப் பலகையில் நீங்கள் பார்த்திருக்கும் அதே கூம்புகள். "இதுக்குப் பேர் கோபுரம்" என்றார். எல்லாப் பலகையிலும் கோபுரம் வராது. மரத்தின் நடுவைத் தொட்டு அறுத்தால் ரேகை நேர்கோடாக ஓடும். நடுவை விட்டு விலகி ஓரமாக அறுத்தால், மேலே போகப்போக ஒல்லியாகும் மரத்தின் வளையங்களை வாள் சாய்வாக வெட்டிப் போகிறது. அதுதான் கோபுரமாகத் தெரிகிறது. தேக்கு வறட்சிக் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வளராமல் நிற்கும், மழை வந்ததும் மறுபடி வளரும். அதனால்தான் அதன் வளையங்கள் அவ்வளவு பளிச்.

நான் "ஆகா" என்று கைதட்ட, அவர் ஈரத்துணியை எடுத்துச் சர்ரென்று அதை அழித்துவிட்டார்.

"ஐயோ! ஏன்?"

"ரொம்ப அழகா இருந்துச்சு."

மறுபடி பூசி, மறுபடி இழுத்தார். இந்தக் கோபுரம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. உச்சி கொஞ்சம் மழுங்கல். பார்த்தார், தலையைச் சாய்த்தார், அழித்தார். மூன்றாவது தடவை நடுவில் கை லேசாக நடுங்கி, ஒரு ரேகை பக்கத்து ரேகையில் போய்ச் சாய்ந்துகொண்டது. "இது மரம்" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான். புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் உருட்டு வாங்கியதும் ஜாண் ஜாணுக்குக் கணு வைப்பார்கள். வீடியோவில் கைதட்டல் வாங்க நன்றாக இருக்கும். கதவில் வைத்தால் சிறுத்தைத் தோல். மரத்துக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசை கிடையாது. பெரும்பாலும் சும்மா ஓடும், எங்காவது ஓரிடத்தில்தான் சுழியும். "சும்மா ஓடுற இடத்தைத் தீட்டுறதுதான் மேடம் கஷ்டம்." சின்ன வயதில் செட்டிநாட்டு வீடுகளில் பாலிஷ் வேலைக்குப் போயிருக்கிறார். பர்மாத் தேக்குத் தூண்களைத் துணியால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற வரை தேய்த்து, அந்த ரேகைகள் கைக்குள் போய்விட்டனவாம். ஒரு தூணைக் கட்டிப்பிடித்து மணிக்கணக்கில் தேய்த்தவருக்குத்தான் இந்த உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றியது. நிஜத் தேக்கைத் துடைத்த கை பொய்த் தேக்கைத் தீட்டுகிறது; அதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை, எனக்கும் இல்லை.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. தோழி செய்த ரசம், உருளை வறுவல், மீன் பொரியல். ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, எல்லாரும் அதன் நேர்கீழே தரையில். தம்பியின் கைப்பேசியில் ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. அம்மா. "என்னடா தம்பி, ஆசாரி வேலைக்கா போயிருக்க?" என்று கேட்டார்கள், பின்னால் தெரிந்த கதவைப் பார்த்து. அண்ணன் வாயில் சோற்றோடு கையைத் தூக்கி வெற்றிக் குறி காட்டினார். ஈரமாக இருக்கும் பாதிக் கதவு, மோசமான கேமரா. இருந்தாலும் மன்னார்குடி ஏமாந்துவிட்டதே!

ரசத்துக்கு நடுவே நான் என் மூட்டையை அவிழ்த்தேன். இங்கிலாந்தில் தாமஸ் கெர்ஷா என்று ஒருவர் இருந்தார், 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் இதற்காகவே பரிசு வாங்கியவர். 1855-இல் தன் பலகைகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனபோது அவை தீட்டியவை என்று நம்ப மறுத்தார்கள். ஆட்கள் கண்ணெதிரே தீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. அவருடைய பலகைகள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில்கூட மலிவான பைன் பலகையை உயர்ந்த மரம்போல் தீட்டியிருக்கிறார்கள். "அப்போ அவருக்கும் பட்ஜெட் இடிச்சிருக்கு" என்றார் அண்ணன், மீன் முள்ளை எடுத்தபடி.

பிராக் கதைதான் அவரைச் சாப்பாட்டை நிறுத்த வைத்தது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக், பிக்காசோவின் கூட்டாளி. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவரின் மகன். தானும் அந்தத் தொழில் படித்தவர். 1912 வாக்கில் தன் ஓவியங்களுக்குள் பெயின்டர் சீப்பைக் கொண்டுவந்து மர ரேகை இழுத்தார். பிக்காசோவுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிக்காசோ அந்தச் சீப்பை வைத்து என்ன செய்தார் தெரியுமா? ஓவியத்தில் இருந்த ஆளின் தலைமுடியையும் மீசையையும் வாரிவிட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம்பியிடம் திரும்பி, "பாத்தியா? பெயின்டர்டா" என்றார்.

இரண்டரைக்கு மேல் அடிதடி. நீள மயிர்ப் பிரஷை எடுத்து, பாதி காய்ந்த ரேகைகளின்மேல் பட் பட் பட்டென்று அடிக்கத் தொடங்கினார், கீழிருந்து மேலே. கதவை எதற்கு இப்படித் தண்டிக்கிறார் என்று கிட்டே போய்ப் பார்த்தால், அடி விழுந்த இடமெல்லாம் ஊசிமுனைக் கீறல்கள். மரத்தின் நுண்துளைகள்! அதுவரை படமாக இருந்தது சட்டென்று பொருளாகிவிட்டது. கை தானாக நீண்டது. "மேடம்!" மடக்கிக்கொண்டேன்.

ஆனால் இன்னொரு கை மடங்கவில்லை. பாலர்பள்ளி முடிந்து வந்த தோழியின் ஆறு வயது மகன், பை கூடக் கழற்றாமல் நேராகக் கதவுக்குப் போய், ஆள்காட்டி விரலைக் கீழ்ப் பலகையில் அழுத்தினான். அழுத்திவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தான். கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. தோழியின் முகம் சிவக்கிறது. தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். முறுக்கு டின்னிலிருந்து கார்க்கை எடுத்தார். தடத்தின்மேல் வைத்து ஒரு திருகு. சுற்றிலும் தேய்ந்த பிரஷால் இரண்டு வளைவு; ஓடிவந்த ரேகைகளை லேசாக ஒதுக்கி, அந்தப் புள்ளியைச் சுற்றிப் போகவிட்டார், ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல. கணு!

"கீழ ஒண்ணு வைக்கணும்னு நானே நினைச்சிருந்தேன்" என்றார் பையனிடம். அது பொய் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

வேலை முடிந்து கைகழுவும்போது பேச்சு வேறு மரங்களுக்குப் போனது. பூவரசு முடியுமா? முடியும். ஈட்டி? கறுப்பு ரேகைக்குப் பொறுமை வேண்டும். பனை? "பனை ஈஸி. ரேகையே கிடையாது, கறுப்பு ஊசி ஊசியா இழுத்துட்டுப் போக வேண்டியதுதான்." சரியான பேச்சு. பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. அதன் வைரம் வெளிப்பக்கம். வெளியே காழ் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியர் மரபியலில் பிரித்துவைத்ததை அவர் படித்ததில்லை, பிரஷ் படித்திருக்கிறது. பொங்கோல் எல்ஆர்டியின் மேற்கு வளையத்தில் நிபோங் என்று ஒரு நிலையம் உண்டு. நிபோங்கும் பனை இனம்தான். கெலோங் மீன்பிடி மேடைகளுக்குக் கடலில் ஊன்றிய கால்கள் அதன் தண்டுகள். பொங்கோல் என்ற பெயருக்கே, பழமரத்தின்மேல் கம்பை வீசிக் கனி விழவைப்பது என்று மலாய் மொழியில் பொருள் சொல்வார்கள். பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் கம்பத்து வீடுகளுமாக இருந்த ஊர், இப்போது கண்ணுக்கெட்டிய வரை பிளாக்குகள். அதில் ஒரு பிளாக்கின் ஒரு வீட்டில், நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து இல்லாத மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது ஒரு விஷயம் சொல்லி என் நிம்மதியைக் கெடுத்தார். ஸ்டிக்கர், லேமினேட் எல்லாம் அச்சு. ஒரு படத்தையே திரும்பத் திரும்ப அடித்திருப்பார்கள். "ஒரு கணுவைக் குறி வச்சுக்கங்க. அதோட இரட்டைப் பிள்ளை பக்கத்துலயே எங்கயாவது இருக்கும்." அன்றிரவு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் கைவிளக்கோடு கவிழ்ந்து படுத்திருந்தேன். இரட்டை இல்லை, மூன்று. 'வால்நட்' என்று கடைக்காரர் சத்தியம் செய்து விற்ற மேசை. கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

மறுநாள் வார்னிஷ். அதில் சொல்ல அதிகமில்லை. அடித்தார்கள், காய்ந்தது, மறுபடி அடித்தார்கள். பளபளப்பு வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும் என்று தோழி சொன்னது நல்ல முடிவு.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை விருந்து. சாமான்கள் எல்லாம் பழையபடி பாம் ஷெல்டருக்குள் போய்ப் பதுங்கிவிட்டன. அண்ணனும் தம்பியும் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, நெற்றியில் திருநீறு. எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சீன அன்ட்டியும் வந்திருந்தார். கதவின் முன்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வா! ரியல் வுட் ஆ?" என்றார். தோழி, "தட்டிப் பாருங்க அன்ட்டி" என்றாள்.

டங்.

அன்ட்டி கையை உதறிக்கொண்டு சிரித்த சிரிப்பு லிஃப்ட் வரை கேட்டிருக்கும். திரும்பத் திரும்பத் தட்டினார். தட்டிவிட்டுத் தன் வீட்டுக்கும் ஒன்று எவ்வளவு என்று கேட்டார். அண்ணன் கூச்சத்தோடு தம்பியைப் பார்க்க, தம்பி கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்தார்.

அந்தக் கலகலப்பில் பையனை யாரும் கவனிக்கவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து, உள்ளே துழாவி, தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை எடுத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். மேல் பலகையில், இரண்டு முறை அழித்த பிறகு வந்து, 'இது மரம்' என்று அண்ணன் ஒப்புக்கொண்ட அந்தக் கோபுரத்தின் நேர் நடுவில், டப்பென்று ஒட்டினான்.

"மூணாவது மூச்சு" என்றார் அண்ணன் என்னிடம், கண்ணைக் கோயிலிலிருந்து எடுக்காமல்.